விசில் போடாத குக்கர்

1

கடந்த ஒரு வருடமாக வீட்டில் என்மேல் ஒரு தடை உத்தரவு இருந்தது. லேமினேஷன் மெஷினை நான் தொடக் கூடாது. தடை விதித்தவர் என் கணவர் பீட்டர். கைதூக்கி ஆதரித்தவள் பதினாலு வயது மகள் ஷரோன். எங்கள் திருச்சபையில் ஒருவர் விடாமல் சொல்லிப் பரப்பியவர் மிஸ்ஸி அக்கா. இன்று மதியம் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ அழைப்பு வந்தது, தடை நீங்கியது. மீன் கருகிவிட்டது. இருந்த சந்தோஷத்தில் அந்தக் கருகின மீனை நானே முழுக்கத் தின்று தீர்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஜெபா என்று சொன்னால் என்னைத் தெரியாது. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரின் மூத்த மகள் என்றால் தெரிந்துவிடும். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று அப்பா கடையின் பலகையில் மூன்று வேலைகள் எழுதியிருக்கும். அப்பாவின் மனம் மட்டும் எப்போதும் நடுவில் இருப்பதன்மேல்தான். எங்கள் வீட்டில் மதிப்பெண் பட்டியல், ஞானஸ்நானச் சான்றிதழ், சைக்கிள் வாங்கிய ரசீது எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். ஒரு வருடம் குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையைக்கூட அப்பா லேமினேட் செய்துவிட்டார். ஓலை பச்சையாக இருந்ததால் உள்ளேயே வெந்துபோயிற்று. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2

நான் கல்யாணமாகி மலேசியாவின் ஜொகூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. பெர்மாஸ் ஜெயாவில் வீடு. பீட்டர் இங்கேயே பிறந்தவர், தோட்டத்துக் குடும்பம். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். ஷரோனும் இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். குடும்பத்தில் இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

அதற்காகவே ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். திருமணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு உண்மை என்பதற்குச் சான்று, அந்தச் சான்றின் நகல் என்று அது வருடா வருடம் கொழுக்கிறது. முதல் தடவை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனபோது மலாய் பேசிக் காட்டி நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். கணவரோடு வசிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாயா திங்கால் சுவாமி" என்றேன். இடையில் ஒரு சொல் விட்டுப்போனதால், புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று அர்த்தமாகிவிட்டது. கணவர் இருப்பதால் மட்டுமே பாஸ் கொடுக்கும் மேசையில் போய் அப்படிச் சொல்லிவைத்தேன். அதிகாரி பேனாவை மூடினார். பீட்டர் பின்வரிசையிலிருந்து எழுந்து ஓடிவந்து தான் இன்னும் இருப்பதாக நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஷரோன் இந்தக் கதையைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் மலாய் அப்படி வழுக்கும். ஆங்கிலம் அதைவிட. தமிழ் என்னிடம் சாப்பாடு கேட்பதற்கு மட்டும். பாளையங்கோட்டையை அவள் "உங்க ஊர்" என்பாள், ஜொகூரை "எங்க ஊர்" என்பாள். நான் "நம்ம ஊர்" என்று ஆரம்பித்தால், "எது மா, விச் ஒன்?" என்பாள். பல நேரம் எனக்கே பதில் தெரியாது. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பாள் என்பதால் பேச்சை மாற்றிவிடுவேன்.

3

போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் மழை விடாமல் கொட்டியது. மெர்சிங் பக்கம் ஆறு நிரம்பி வீடுகளுக்குள் ஏறிவிட்டது என்று செய்தி வந்தது. எங்கள் சபையில் நிவாரணக் குழு உடனே கூடிவிட்டது. தலைமை, மிஸ்ஸி அக்கா. இங்கே பழைய தமிழர்கள் நர்சை மிஸ்ஸி என்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் பாஸ்டரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

குழுவில் என்னைச் சேர்ப்பார்களா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே உதறல். இத்தனை வருடத்தில் சபையில் எனக்குக் கிடைத்த உச்சபட்சப் பதவி, ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசன அட்டைகளை லேமினேட் செய்வது. எல்லோருக்கும் என்மேல் பிரியம்தான். ஆனால் அந்தப் பிரியத்தில், "இந்தியாவுலேர்ந்து வந்த பிள்ளை, பாவம்" என்பது கொஞ்சம் கலந்திருக்கும். மிஸ்ஸி அக்கா என் கால்களைப் பார்த்தார்.

"பூட்ஸ் என்ன சைஸ் ஜெபா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் எப்படிப் பூரித்தேன் என்று சொல்ல முடியாது. பள்ளி விடுமுறையில் போனோடு படுத்துக் கிடந்த ஷரோனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். "அலமாக்" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

வண்டிதான் வேடிக்கை. பெக்கான் நானாஸில் இருக்கும் செல்வம் அண்ணன் தன் லாரியைக் கொடுத்தார். அந்த ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது, அவர் ஓட்டுவதும் அன்னாசி லாரி. எழுபது மெத்தைகளை ஏற்றலாம் என்று போய்ப் பார்த்தால், வெறும் லாரியைக் கொடுக்க மனம் வரவில்லை என்று அடியில் ஒரு பாரம் அன்னாசியைப் பரப்பி வைத்திருந்தார். மெர்சிங் போய்ச் சேர்ந்து லாரி நின்றதும் முதலில் ஓடிவந்த மலாய்க்கார அம்மா கேட்டது, அன்னாசி என்ன விலை என்று. வெள்ளத்தில் எல்லாம் போய் நிற்கிற சனங்களுக்கு ஒரு மெத்தைக்கு இரண்டு அன்னாசி என்று கொடுத்தோம். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் எங்களை அன்னாசி சபை என்றுதான் சொல்கிறார்களாம்.

பள்ளிக்கூட மண்டபம்தான் நிவாரண மையம். தொண்டர்கள் பெயர் பதிய வேண்டும். படிவத்தில் அடையாள அட்டை எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். என் பாஸ்போர்ட் எண்ணுக்கு எட்டு போதும். மீதி நான்கு கட்டத்தை என்ன செய்வது என்று மேசையிலிருந்த பெண்மணி ரொம்ப நேரம் யோசித்தார். காலியாக விட்டால் மேலே கேட்பார்களாம். கடைசியில் நான்கு பூஜ்யம் போட்டு என் கையில் ஒரு மஞ்சள் மேலங்கியைக் கொடுத்தார். நான்கு பூஜ்யங்களோடு நான் தொண்டரானேன். அப்பாவுக்கு உடனே படம் எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்கு, அந்தப் பேப்பரை லேமினேட் பண்ணி வை" என்று பதில் வந்தது.

4

அஞ்சலை அக்காவை அந்த மண்டபத்தில்தான் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். கணவர் காலமாகிவிட்டார், தனியாக இருக்கிறார். மீன் அப்பளம் போடும் பட்டறையில் வேலை. மண்டபத்துக்குள்ளேயே வீட்டுக்கொன்றாக அடித்திருந்த சின்னக் கூடாரத்துக்கு வெளியே நாற்காலி போட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"ஆறு வந்துச்சு, உள்ள ஏறிச்சு, போயிருச்சு" என்றார். "இவங்க ஊரு தண்ணி. நாம என்னா சொல்ல முடியும்?"

"என்ன வேணும்னு சொல்லு அஞ்சலை, கொண்டு வந்திருக்கோம்" என்றார் மிஸ்ஸி அக்கா.

"குக்கர் கெடைச்சா போதும் மிஸ்ஸி."

உடனே லாரிக்கு ஓடி ஒரு புதுக் குக்கரைக் கொண்டுவந்தேன். பார்த்துவிட்டு, "இது இல்ல தங்கச்சி" என்றார். சின்னதாக இருக்கிறது போல என்று ஐந்து லிட்டர் குக்கரைக் கொண்டுவந்தேன். அதுவும் இல்லை. மூன்றாவதாக ஒரு இண்டக்ஷன் குக்கரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், "வைங்க, வைங்க" என்று வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டார். ஷரோன்தான் போனிலிருந்து தலையைத் தூக்கி, எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க குக்கர் உள்ள என்ன இருக்கு?"

அஞ்சலை அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பொறந்த சூராட் இருக்கு மா."

சூராட் என்றால் கடிதம். அவர் பிறந்தது இங்கே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா பிறப்பைப் பதியவில்லை. ஏழு வயதில் பள்ளியில் சேர்க்கத் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார். இன்னார் மகள், இந்தத் தோட்டத்தில் இந்த நாளில் பிறந்தாள், கீழே ஊதா முத்திரை. அவர் இந்த மண்ணில் பிறந்தார் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். கிராணி இல்லை, தோட்டமும் இல்லை, அந்த இடத்தில் இப்போது வீடுகள். அக்காவிடம் இருப்பது சிவப்பு அட்டை. தங்கியிருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு இரண்டு முறை மனுப் போட்டு இரண்டும் திரும்பிவிட்டன. மூன்றாவது மனுவுக்கு, அசல் கடிதத்தோடு ஜொகூர் பாருவுக்கு நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. அதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"தண்ணி ஏறுது. மேல வைக்க எடமில்ல. குக்கர்ல ரப்பர் போட்டு இறுக்கினா காத்தே போகாதே, தண்ணி எங்க போகும்னு நெனச்சேன். நான் ரொம்ப கெட்டிக்காரின்னு எனக்கே பெருமை. இங்க வந்து ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கறப்பதான் ஞாபகம் வருது, விசில் போடல."

முதலில் சிரித்தது அவர்தான்.

மறுநிமிடம் குக்கரைத் தேடி மொத்தக் குழுவும் அக்காவின் தெருவில் இறங்கிவிட்டது. வெள்ளச் சேறு காய்வதற்குள் கழுவ வேண்டும், காய்ந்துவிட்டால் சிமெண்டுதான். உள்ளறையிலிருந்து வாசலுக்குத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளிக்கொண்டே வந்தோம். மல்லாந்து கிடந்த ஃபிரிட்ஜை நிமிர்த்தினோம். சாமி மாடத்திலிருந்த முருகன் படத்தை மிஸ்ஸி அக்கா, பிள்ளைக்குப் புண் துடைக்கிற மாதிரி, பஞ்சில் டெட்டால் நனைத்துத் துடைத்துக் கொடுத்தார். பக்கெட் கைமாற்றும் வரிசையில் யாரோ கீர்த்தனை பாட ஆரம்பித்தார்கள். தாளம் ஏற ஏற பக்கெட்டும் வேகம் பிடித்து, இரண்டு பக்கெட் பாஸ்டர் மேலேயே கொட்டியது.

குக்கரைக் கண்டுபிடித்தது ஷரோன். நாலு வீடு தள்ளி ஒரு கோழிக்கூண்டுக்குள் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. கோழிக்கார மக்சிக்கிடம், அதாவது மலாய்ப் பெரியம்மாவிடம், ஷரோன் மலாயில் பேசி, கோழியை இறக்கி, குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றோடு வந்தாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

திறந்தோம். அரை டம்ளர் சேற்றுத் தண்ணீர். நாலாக மடித்த காகிதம் ஊறிக் கிடந்தது. மிஸ்ஸி அக்கா இரண்டு விரலால் எடுத்து விரித்தார். எழுத்து இருந்தது. ஊதா முத்திரை மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

நான் முன்னால் வந்து கையை நீட்டினேன். "என்கிட்ட குடுங்கக்கா. நான் ஜெராக்ஸ் கடைப் பொண்ணு. பத்திரமாக் காயவச்சுக் கொண்டுவர்றேன்."

அஞ்சலை அக்கா என் முகத்தைப் பார்த்தார், என் மஞ்சள் மேலங்கியைப் பார்த்தார், கொடுத்துவிட்டார்.

5

இரண்டு நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. கடிதம் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாள்களுக்கு நடுவில் படுத்திருந்தது. நான் மணிக்கொரு தரம் தாள் மாற்றினேன். பீட்டர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஞாயிறு பள்ளி அறைக்குப் போனேன். என் மனதில் ஒரே எண்ணம்தான். இனி ஒரு வெள்ளம் இந்தக் காகிதத்தைத் தொடக் கூடாது. மெஷினைப் போட்டால் முதலில் சிவப்பு விளக்கு எரியும். சூடு ஏறியதும் பச்சை எரியும். பச்சைக்குப் பிறகுதான் தாளை விட வேண்டும். வெளியே பிரியாணி வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆட்டுக்கறி சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் சிவப்பிலேயே விட்டுவிட்டேன்.

மெஷினிலிருந்து தாள் வெளியே வந்தபோது நடுவில் தெளிவில்லை, பால் ஊற்றியதுபோல வெள்ளையாக இருந்தது. "என்ன இது, மோர்ல ஊறினது மாதிரி?" என்றார் பீட்டர். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அஞ்சலை அக்கா மெர்சிங்கிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பளபளன்னு இருக்கு தங்கச்சி" என்றார். மொழிபெயர்க்க ஷரோனையும் கூட்டிக்கொண்டு மூவரும் பதிவு அலுவலகத்துக்குள் போனோம்.

மேசையிலிருந்த அதிகாரி தன்மையான பெண். கடிதத்தை வாங்கினார். நகத்தால் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ஷரோன் கேட்டுச் சொன்னாள். அசலைத் தொட்டு, தாளையும் முத்திரையையும் சோதிக்க வேண்டுமாம். பிளாஸ்டிக்குக்குள் இருப்பதை அசலாக எடுத்துக்கொள்ள விதி இல்லையாம். கோப்பு வெள்ளிக்கிழமை மேலே போகிறது, அதற்குள் உறை இல்லாமல் கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் மனு இத்தோடு முடிந்தது.

யார் இப்படிச் செய்தது என்று அந்தப் பெண் கேட்டார். ஷரோன் மொழிபெயர்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

வெளியே கடையில் அஞ்சலை அக்கா மூன்று தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய டீ, சொன்னார். "பரவால்ல லா தங்கச்சி. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும். சொல்லும்போதே கொஞ்சம் தேநீரை மேசையில் சிந்திவிட்டார். துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஷரோன் சொன்னாள்.

"அது உங்க பேப்பர் இல்ல மா. லேமினேட் பண்ணவான்னு ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? டிட் யூ ஆஸ்க்?"

கேட்கவில்லை. மூன்று குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினபோதும் கேட்கவில்லை. உதவி செய்கிற வெறியில் ஒரு மனுஷியின் அறுபது வருடத்தை எடுத்து மெஷினில் விட்டிருக்கிறேன், பிரியாணி தீர்ந்துவிடும் என்று. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

6

அழுது முடித்து அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானத் தூக்கம் முடிந்து கடை திறந்திருந்தார்.

"லேமினேட் பண்ணினதைப் பிரிக்க முடியுமாப்பா?"

"பிரிக்கவா? ஏட்டி, ஒட்டுததுக்குல்லா கடை வச்சிருக்கேன். முப்பது வருசத்தில பிரிச்சுத் தாங்கன்னு ஒருத்தன் வந்ததில்ல."

நடந்ததைச் சொன்னேன்.

"நடுவில எப்படி இருக்கு? கண்ணாடி மாரி தெளிவா இருக்கா, வெள்ளையா இருக்கா?"

"வெள்ளையா. பால் மாதிரி."

"பச்சை லைட்டு எரிஞ்ச பொறவுதானே விட்ட?"

பிரியாணி வரிசையைப் பற்றிச் சொன்னேன்.

"சின்னப் பிள்ளையில இருந்து சொல்லுதேன். ஒரு நாளாவது நின்னிருக்கியா நீ?" என்றவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "பிழைச்ச, போ. சூடு ஏறாம விட்டா ஓரம்தான் ஒட்டும். தாள்ல பிடிச்சிருக்காது. நாலு ஓரத்தையும் தாளு படாம வெட்டிட்டு மெதுவா எடு. அவசரப்படாத. நீ தொடாத, வேற ஆளு தொடட்டும்."

என் வாழ்க்கையில் என் அவசரப் புத்தியைக் கேட்டு அப்பா சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது. அப்போதே அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டேன். அப்பா சொன்னதைச் சொல்லி, "பிரிச்சுப் பார்க்கவாக்கா? கிழிஞ்சாலும் கிழியும்" என்று கேட்டேன். அவர், "மிஸ்ஸி கையா இருந்தா சரி" என்றார்.

புதன்கிழமை காலை, சபைச் சமையலறை. மிஸ்ஸி அக்கா கையுறை, முகக்கவசம், புது பிளேடு, ஆஸ்பத்திரி இடுக்கி எல்லாவற்றோடும் வந்திருந்தார். எஃகுத் தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கடிதத்தைக் கிடத்தினார். நான் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவு. பாஸ்டர் ஜெபம் செய்தார். அவர் ஆரம்பித்தால் சாதாரணமாக இட்லி மாவு புளித்துவிடும். அன்றைக்கு, "ஆண்டவரே, கிழியாம பாத்துக்கோங்க, ஆமென்" என்று முடித்துவிட்டார். அஞ்சலை அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு ஓரம். இரண்டு. மூன்று. நாலு. மேல் பிளாஸ்டிக்கை இடுக்கியால் தூக்கினார். அப்பா வாக்குப் பலித்தது, தாளில் ஒட்டவே இல்லை, பால் ஆடைபோல மேலே எழுந்தது. எழுந்தது, எழுந்தது, முத்திரை இருந்த மூலையில் நின்றுவிட்டது.

"புடிச்சிருக்கு" என்றார் மிஸ்ஸி அக்கா. "யாரும் மூச்சு விடாதீங்க."

ஷரோன் தன் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்திருந்தாள். லேசான சூட்டில் அந்த மூலையில் மட்டும் காட்டினாள். அவள் கை ஆடவில்லை. நூல் நூலாக விட்டுக்கொடுத்தது. பிளாஸ்டிக்கில் ஊதாவின் நிழல் கொஞ்சம் போனது. மீதி ஊதா முழுக்கத் தாளிலேயே இருந்தது. தோட்டத்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. கீழ்ப் பிளாஸ்டிக் தானாகவே கழன்றது.

தொட்டியிடம் நின்ற அஞ்சலை அக்கா திரும்பாமலே கேட்டார். "செத்துச்சா, பொழைச்சுச்சா?"

மிஸ்ஸி அக்கா முகக்கவசத்தை இறக்கினார். "பொழைச்சிருச்சு அஞ்சலை. தாயும் சேயும் நல்லா இருக்காங்க."

அஞ்சலை அக்கா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தப் பத்து நாளில் முதல் முறையாக ஓவென்று அழுதார். நாங்களும் அழுதோம். பாஸ்டர் விட்டதைப் பிடிக்கிற மாதிரி முக்கால் மணி நேரம் ஜெபித்தார். செல்வம் அண்ணன் எங்கிருந்தோ அன்னாசியோடு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதே அதிகாரி கடிதத்தை விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு ரசீது கொடுத்தார். என்னைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னார். ஷரோன் ரொம்ப ஆசையாக மொழிபெயர்த்தாள். "இதை லேமினேட் பண்ண வேணாமாம் மா."

அன்று மாலைதான் தடை உத்தரவு வந்தது.

7

இந்த வருடமும் மழை வந்தது, நாங்களும் போனோம். இப்போது லாரியிலிருந்து இறங்கியதும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் ஷரோன் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். அவள் போனில் அஞ்சலை அக்காவின் பெயர் குக்கர் ஆன்ட்டி. இருவரும் குரல் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். என்னோடு பேசாத தமிழெல்லாம் அவரோடு பேசுகிறாள். பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக்கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் வயிறும் எரியும். என் பாஸ் போன மாதம் புதுப்பித்தாகிவிட்டது. நான்கு பூஜ்யங்களோடு நான் இன்னும் தொண்டர்தான்.

இன்று மதியம் வந்த அழைப்பு அஞ்சலை அக்காவுடையது. திரையில் முதலில் முகம் தெரியவில்லை, நீலமாக ஏதோ ஒன்று தெரிந்தது. அப்புறம் அது கொஞ்சம் விலகி, பின்னால் அவருடைய பல் தெரிந்தது.

"வந்துருச்சு தங்கச்சி."

நான் போட்ட சத்தத்தில், விடுமுறையில் வீட்டிலிருந்த பீட்டரும் ஷரோனும் சமையலறைக்கு ஓடிவந்தார்கள். மூன்று பேரும் ஒரு சின்னத் திரைக்குள் தலையை விட்டோம்.

"அட்டையைக் குடுங்கக்கா" என்றார் பீட்டர், "ஜெபா லேமினேட் பண்ணித் தருவா. இன்னியோட தடையை எடுத்துட்டேன்."

"தேவையில்ல தம்பி. இங்க பாருங்க."

போனை எங்கேயோ சாய்த்து வைத்தார். அடுப்படித் தொட்டி தெரிந்தது. குழாயைத் திறந்து நீல அட்டையை நேராகத் தண்ணீருக்கு அடியில் பிடித்தார். நான் அலறிவிட்டேன். அவர் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பி, கழுவிக் கழுவிக் காட்டினார்.

"நனையல பாத்தீங்களா. காலையிலேர்ந்து நாலு தடவ பாத்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, குழாயை மூடுங்க, தண்ணி வீணாப் போகுது" என்றேன்.

"போகட்டும் லா தங்கச்சி" என்றார் அஞ்சலை அக்கா. "நம்ம ஊரு தண்ணிதானே."